ஜமாஅத் செயலி: வாசலைத் தட்டும் முன்



அண்மைக் காலமாக மஹல்லாதோறும் ஒரு கைபேசிச் செயலி உருவாகி வருகிறது. தொழுகை நேரம், ஜனாஸா அறிவிப்பு, மதரஸா விடுமுறை, சந்தா நினைவூட்டல் என அனைத்தையும் ஒரே இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று நம் இளைஞர்கள் விரும்புகின்றனர். அவர்களுள் பலர் நம்மிடம் அலிஃப், பா ஓதியவர்கள். இன்று கணினித் துறையில் நல்ல நிலையில் இருக்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ். "ஹஜ்ரத், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஒரு நொடியில் ஊர் முழுவதற்கும் செய்தி போய்விடும்" என்று அவர்கள் மகிழ்ச்சியோடு கூறுவர். ஒரு நொடியில் போய்விடும் என்பதுதான் நமக்குக் கவலை அளிக்கிறது.

நாம் இத்தகைய செயலிகளுக்கு எதிரானவர் அல்லர். மக்களை எவ்வாறு அழைப்பது என்ற வினா இந்தச் சமுதாயத்திற்குப் புதியதன்று. மதீனாவில் தொழுகைக்கு மக்களைத் திரட்டுவது பற்றி ஆலோசனை நடந்தபோது கொம்பு ஊதலாம் என்றும் மணி அடிக்கலாம் என்றும் கருத்துகள் எழுந்தன. பின்னர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) கண்ட கனவின் வழியாகப் பாங்கின் சொற்கள் அமைந்தன; குரல் வளம் மிக்க பிலால் (ரலி) அதை முழங்கினார்கள். அழைக்கும் கருவி எது, அழைக்கும் சொல் எது, அழைப்பவர் யார் என்ற மூன்றும் அன்று ஆலோசிக்கப்பட்டன. இன்று நம் நிர்வாகக் கூட்டங்களில் முதல் வினா மட்டுமே பேசப்படுகிறது.

நமது மஹல்லாவிலும் ஈராண்டுகளாக ஒரு செயலி இயங்குகிறது. அதை உருவாக்கிய இளைஞர்களுடன் பலமுறை அமர்ந்து பேசியதில் நாம் கற்றுக்கொண்டவற்றையும் பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே முன்வைக்கிறோம்.

முதலில், செயலி மூடியிருக்கும்போதும் செய்தி எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைப் பெற்றோர்கள் அறிந்துகொள்வது நல்லது. புஷ் நோட்டிபிகேஷன் என்று சொல்லப்படும் இந்த அறிவிப்பு பள்ளிவாசலிலிருந்து நேரே நம் கைபேசிக்கு வருவதில்லை. செயலியை நிறுவியதும் அந்தக் கைபேசிக்கென ஒரு நீண்ட அடையாளக் குறி உருவாகிறது; அதை டோக்கன் என்பர். நிர்வாகி செய்தியை எழுதி அனுப்பும்போது, ஜமாஅத்தின் சர்வர் அந்தச் செய்தியையும் டோக்கனையும் சேர்த்துக் கூகுளிடமோ ஆப்பிளிடமோ ஒப்படைக்கிறது. கைபேசி எந்நேரமும் அந்த நிறுவனத்துடன் ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்த ஒரே இணைப்பு வழியாகத்தான் எல்லாச் செயலிகளின் அறிவிப்புகளும் இறங்குகின்றன. ஆப்பிள் இந்தச் சேவையை 2009 இல் தொடங்கியது. கூகுள் 2010 இல் வேறு பெயரில் தொடங்கி, 2016 முதல் ஃபயர்பேஸ் என்ற பெயரில் நடத்துகிறது. ஓர் அறிவிப்பின் அளவு 4096 பைட்டைத் தாண்டலாகாது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால், நீண்ட முன்னுரையில் விருப்பமுள்ள செயலாளர்களுக்கு இது ஒரு நல்ல கடிவாளம்.

அதாவது, நம் ஊர்ச் செய்தி ஒவ்வொன்றும் இரு பெரும் அயல்நாட்டு நிறுவனங்களின் கைவழியே செல்கிறது. இத்தகைய அறிவிப்புகளின் பதிவுகளை அரசுகள் அந்நிறுவனங்களிடம் கேட்டுப் பெறுவதாக அமெரிக்க செனட்டர் ரான் வைடன் 2023 டிசம்பரில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அச்சமூட்டுவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. எதை அந்த வழியே அனுப்பலாம், எதை அனுப்ப வேண்டாம் என்று தெரிவு செய்யும் பொறுப்பு அனுப்புபவருக்கு உண்டு என்பதற்காகவே குறிப்பிடுகிறோம்.

வக்து அறிவிப்புக்கு இந்த வழி தேவையே இல்லை. சூரியன் எங்கே இருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைக் கைபேசியே செய்துகொள்ளும். இணையம் இல்லாவிட்டாலும் உரிய நேரத்தில் அதுவே ஒலி எழுப்பும். நம் இளைஞர்கள் முதலில் ஐந்து வக்துக்கும் சர்வரிலிருந்து அறிவிப்பு அனுப்பினர். சில நாட்கள் மஃரிப் அறிவிப்பு தொழுகை முடிந்த பின் வந்தது. மின்கலத்தைச் சேமிப்பதற்காகக் கைபேசி உறங்கும்போது அவசரமற்ற செய்திகளை ஒதுக்கி வைத்துப் பின்னர் தருகிறது என்பது அதன் பிறகே விளங்கிற்று. இப்போது வக்து கைபேசிக்குள்ளேயே கணக்கிடப்படுகிறது. ஷாஃபிஈ முறைப்படி ஒரு பொருளின் நிழல் அதன் அளவை அடையும்போதும், ஹனஃபி முறைப்படி இரு மடங்காகும்போதும் அஸர் தொடங்குவதால் (நண்பகல் நிழல் நீங்கலாக), இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் வசதியும் வைக்கப்பட்டது. ஒரே தெருவில் இரு மத்ஹபினரும் வாழும் ஊர்களில் இதை மறந்துவிட்டால் செயலியை விட்டுப் பாதிப்பேர் விலகிவிடுவர்.

இதிலும் ஒரு சிறு சிக்கல் உண்டு. ஐபோன் ஒரு செயலிக்கு 64 அறிவிப்புகளை மட்டுமே முன்கூட்டி வரிசையில் வைத்துக்கொள்ளும். நாளுக்கு ஐந்து எனில் பதின்மூன்றாம் நாளில் அது தீர்ந்துவிடும். செயலியை ஒருமுறையேனும் திறந்தால்தான் வரிசை மீண்டும் நிரம்பும். "தம்பி, உங்கள் கைபேசியில் பாங்கு நின்றுவிட்டது" என்று ஒரு முதியவர் முறையிட்டபோது, நம் இளைஞர்கள் இரண்டு நாட்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தனர்.

அடுத்து இருப்பிடம் பற்றிய வினா. தொழுகை நேரச் செயலிகளுள் பல, நிறுவியவுடன் நாம் இருக்கும் இடத்தைக் கேட்கின்றன. முஸ்லிம் ப்ரோ என்ற செயலியை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பதிவிறக்கியிருந்தனர். அதன் பயனர்களின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்திற்குச் சென்றதையும், அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுள் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்கள் இருந்ததையும் 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளியிட்டது. செய்தி வெளியானதும் முஸ்லிம் ப்ரோ அத்தொடர்பை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. கிப்லாவையும் வக்தையும் அறிய முனைந்தவர்களின் நடமாட்டம் எங்கெங்கோ விற்கப்பட்டிருக்கிறது. சிறிய ஜமாஅத் செயலியும் கவனக்குறைவால் இதே குழியில் விழக்கூடும். இலவசம் என்று ஒரு விளம்பர நிரலைச் சேர்த்தாலே போதும்.

உண்மையில் வக்துக்கு அவ்வளவு நுணுக்கமான இருப்பிடம் தேவையில்லை. தீர்க்கரேகை ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். சென்னைக்கும் கோவைக்கும் இடையே மூன்று பாகைக்குச் சற்று அதிகம். ஆகவே ஏறத்தாழ பதின்மூன்று நிமிட வேறுபாடு. ஓர் ஊருக்குள் இந்த வேறுபாடு சில நொடிகளைத் தாண்டாது. எனவே ஊர்ப் பெயரைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்தால் போதுமானது. எந்தச் சகோதரி எந்த நேரத்தில் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது ஜமாஅத்துக்குத் தேவையற்ற தகவல். தேவையற்றதைச் சேகரித்து வைத்துவிட்டுப் பின்னர் அதைக் காவல் காப்பதைவிட, சேகரிக்காமல் இருப்பது எளிது.

இனி அனுமதி. பிறர் வீட்டுக்குள் நுழையும் முன் அனுமதி கோரி ஸலாம் சொல்ல வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27 ஆம் வசனம் கற்பிக்கிறது. அதே அத்தியாயத்தின் 58 ஆம் வசனம் இன்னும் நுட்பமானது. வீட்டுக்குள்ளேயே நடமாடும் பணியாளரும் பருவமடையாத சிறுவரும்கூட மூன்று நேரங்களில், அதாவது ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும்போதும், இஷாவுக்குப் பின்பும் அனுமதி பெற்றே அறைக்குள் வர வேண்டும் என அது பணிக்கிறது. கைபேசி இன்று படுக்கையின் தலைமாட்டில் இருக்கிறது. அதன் ஒலி, கதவைத் தட்டாமல் அறைக்குள் வரும் ஒரு குரல். இஷாவுக்குப் பின் நன்கொடை நினைவூட்டல் அனுப்பும் நிர்வாகி, அந்த வேளையில் அடுத்தவர் வீட்டுக்கு நேரில் சென்று சந்தா கேட்பாரா?

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வெகுகாலம் செயலிகள் கேட்காமலேயே அறிவிப்பு அனுப்ப முடிந்தது. 2022 இல் வெளிவந்த 13 ஆம் பதிப்பு முதல் அனுமதி கேட்டாக வேண்டும். இருமுறை மறுத்துவிட்டால் அந்த வினா மீண்டும் திரையில் தோன்றாது. ஐபோனில் ஒரே முறைதான். அபூ மூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் வாசலில் மூன்று முறை அனுமதி கோரி, பதில் கிடைக்காததால் திரும்பிச் சென்ற செய்தியை நாம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். செயலியைத் திறந்த முதல் நொடியிலேயே, தான் யார், எதற்காக வந்தோம் என்று சொல்லாமல் அனுமதி கேட்பது, ஸலாம் சொல்லாமல் கதவைத் தள்ளுவதற்கு ஒப்பாகும். என்னென்ன அறிவிப்புகள் வரும், எந்நேரத்தில் வரும் என்பதை முதல் பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக்காட்டிவிட்டுப் பிறகு கேட்கலாமே.

இன்னொன்று. ஆண்ட்ராய்டில் 2017 முதல் அறிவிப்புகளைத் தனித்தனி வகைகளாகப் பிரிக்க வசதி உண்டு. ஜனாஸா ஒரு வகை, மதரஸா ஒரு வகை, நன்கொடை ஒரு வகை எனப் பிரித்துவிட்டால், வேண்டாததை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். இவ்வாறு பிரிக்காத ஊர்களில் நிகழ்வது என்ன? நாள்தோறும் வரும் நன்கொடைக் கோரிக்கையால் சலிப்புற்றோர் செயலியின் குரலையே அடைத்துவிடுகின்றனர். பின்னர் பக்கத்துத் தெரு ஜனாஸாவும் அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

ஜனாஸா பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

செயலி தொடங்கிய சில மாதங்களில் நமது மஹல்லாப் பெரியவர் ஒருவர் ஃபஜ்ருக்குப் பின் மரணமடைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மூத்த மகன் மருத்துவமனையில் மையித்தைப் பெற்றுக்கொள்ளும் வேலையில் இருந்தார். இளைய மகன் ரியாத்தில். பள்ளிவாசலுக்குத் தகவல் வந்ததும், அறிவிப்புப் பொறுப்பில் இருந்த நம் மாணவர் காலை ஆறேகால் மணிக்குச் செய்தியை அனுப்பிவிட்டார். ரியாத்தில் அப்போது மூன்றே முக்கால். தஹஜ்ஜுதுக்கு எழுந்து நேரம் பார்க்கக் கைபேசியை எடுத்த மகன், பூட்டிய திரையின் மீதே தந்தையின் பெயரைப் படித்தார். அறையில் உடனிருந்தோர் உறங்கிக்கொண்டிருந்தனர்.

விடுப்பில் ஊர் வந்தபோது நம்மைச் சந்தித்தார். கோபப்படவில்லை. "முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன், ஹஜ்ரத். வாப்பா பெயரில் ஊரில் மூன்று பேர் இருக்கிறார்கள். தெருப் பெயரைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கலாம்" என்றார். அதற்கு மேல் எதுவும் கூறவில்லை. செய்தியை அனுப்பிய மாணவர் அருகிலேயே நின்றிருந்தார். அவர் எந்த விதியையும் மீறவில்லை. மீறுவதற்கு நாம் விதியே வகுத்திருக்கவில்லை. அந்தக் குறை அவருடையதன்று, நம்முடையது.

அதன் பின் இரு முடிவுகள் எடுக்கப்பட்டன. குடும்பத்தில் ஒருவர், "வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள எங்கள் பிள்ளைகள் அனைவருக்கும் சொல்லிவிட்டோம்" என்று கூறிய பின்னரே ஜனாஸா அறிவிப்பு செல்லும். பூட்டிய திரையில் "மஹல்லாவில் ஒரு ஜனாஸா அறிவிப்பு" என்ற வரி மட்டுமே தோன்றும். பெயரும் நேரமும் செயலியைத் திறந்தால் தெரியும். இதற்கு விலை இல்லாமல் இல்லை. சென்ற ஆண்டு ஒரு வீட்டாரின் ஒப்புதலுக்குக் காத்திருந்ததில் அறிவிப்பு ஒன்றரை மணி நேரம் தாமதமாயிற்று. மரித்தவரின் பால்ய நண்பர் ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை தவறிவிட்டது. மையவாடியில் மண்ணைப் பார்த்தபடி அவர் வெகுநேரம் நின்றார். அவருடைய வருத்தம் நியாயமானது. இருப்பினும் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டுமெனில், இரத்த உறவுக்கே முதல் உரிமை என்று நாம் கருதுகிறோம். மாற்றுக் கருத்துடையோர் நிர்வாகத்தில் இன்றும் உள்ளனர்.

பிறைச் செய்தியிலும் ஒருமுறை அடிபட்டோம். இருபத்தொன்பதாம் நோன்பின் மாலை, வேறோர் ஊரிலிருந்து வந்த தகவலை நம்பி "நாளை பெருநாள்" என்று அறிவிப்பு போய்விட்டது. நாற்பது நிமிடங்கள் கழித்து அது நமக்குரிய அறிவிப்பன்று எனத் தெரிந்தது. திருத்தம் அனுப்பினோம். ஆனால் சென்ற அறிவிப்பைக் கைபேசியிலிருந்து உறுதியாகத் திரும்பப் பெற எந்த வழியும் இல்லை. முதல் செய்தியைப் பார்த்த பின் இணையத்தை அணைத்துவிட்டு உறங்கிய ஒரு குடும்பம், மறுநாள் ஸஹருக்கு எழவில்லை. புத்தாடையுடன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு வந்தது. காலை தேநீர் அருந்திவிட்டு வந்திருந்ததால் அந்த நோன்பைக் களாச் செய்ய நேர்ந்தது. வாசலிலேயே திரும்பிய அந்தச் சிறுமி தன் வளையல்களைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்தாள். வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை அந்த ரமளானிலேயே நாம் பயான் செய்திருந்தோம் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்று முறை அனுமதி கேட்டுத் திரும்பியது நபி (ஸல்) அவர்களின் போதனைப்படியே என்று அபூ மூஸா (ரலி) கூறியபோது, உமர் (ரலி) அவர்கள் அதற்கும் ஒரு சாட்சியைக் கேட்டார்கள். நம்பத்தகுந்த தோழரிடமே கேட்டார்கள். இப்போது நம் செயலியில் ஒருவர் எழுதும் அறிவிப்பை மற்றொருவர் தம் கைபேசியில் ஒப்புக்கொண்டால்தான் அது வெளியே செல்லும். பிறை அறிவிப்புக்குப் பேஷ் இமாமின் ஒப்புதலும் வேண்டும். இதை அமைக்க இளைஞர்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. திருத்தச் செய்தி பழைய செய்தியின் அதே அடையாளத்துடன் சென்று, திரையில் கிடக்கும் பழையதை மறைத்துத் தான் நிற்குமாறும் செய்திருக்கின்றனர். இணையம் அணைக்கப்பட்ட கைபேசியில் அதுவும் பயன்படாது என்பது வேறு.

செலவைப் பற்றிக் கேட்போருக்கு: கூகுளில் கணக்குத் தொடங்க ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், அறிவிப்பு அனுப்பக் கட்டணம் இல்லை. இந்தக் கணக்குகளை உருவாக்கும் இளைஞரின் சொந்தப் பெயரில் தொடங்காமல், ஜமாஅத்தின் பெயரில் தொடங்குவதே சரி. அவர் நாளை துபாய்க்கோ பெங்களூருக்கோ வேலைக்குச் செல்வார். கடவுச்சொல்லும் அவரோடு பயணம் செய்துவிடும். மையவாடிச் சாவியை ஒருவர் வீட்டில் மட்டும் வைப்போமா?

இறுதியாக மதரஸா. பிள்ளை வகுப்புக்கு வராத நாளில் பெற்றோருக்கு உடனே அறிவிப்பு செல்லட்டும் என்று நிர்வாகம் விரும்புகிறது. கொள்கையளவில் நமக்கும் உடன்பாடே. ஆனால் ஒரே மஹல்லாச் செயலியில், ஒரே பொறுப்பாளரின் பார்வையில், எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை, எந்த வீட்டுச் சந்தா எத்தனை மாதம் நிலுவை என்பவை அருகருகே கிடப்பதில் நமக்கு உடன்பாடில்லை. சந்தா நிலுவைப் பட்டியலை மாதக் கடைசியில் அனைவருக்கும் அறிவிப்பாக அனுப்பினால் வசூல் கூடும் என்று ஒரு கூட்டத்தில் யோசனை எழுந்தது. கூடும், ஐயமில்லை. கொடுக்க இயலாத குடும்பத்தின் பிள்ளை மறுநாள் மக்தபில் எங்கே அமரும் என்று நாம் கேட்டோம். அந்த யோசனை இன்னும் கைவிடப்படவில்லை. அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. அங்கும் இதையே கேட்போம், இன்ஷா அல்லாஹ்.

செயலி வந்த பின் பள்ளிவாசல் நுழைவாயிலில் உள்ள கரும்பலகையை எடுத்துவிடலாமா என்றும் சிலர் கேட்டனர். கைபேசி இல்லாத பெரியவர்கள் நமது முதல் ஸஃப்பிலேயே பதினொருவர் இருக்கின்றனர். பலகை அங்கேயே இருக்கிறது. ஜமாஅத் நேரம் மாறும் நாட்களில் மோதினார் முதலில் சுண்ணக்கட்டியால் அதில் எழுதுகிறார். பின்னர் அதைப் பார்த்தே நம் மாணவர் செயலியில் பதிவிடுகிறார்.